என் அணுக்களுக்கு வழி தெரியும்

பிப்ரவரி 8, ஞாயிறு

இந்த நோட்டை யார் எடுத்துப் பார்த்தாலும் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். கையெழுத்து சரியில்லை. கோடு போட்ட நோட்டுதான், ஆனால் என் எழுத்துகள் கோட்டில் உட்கார மாட்டேன் என்கின்றன. சில மேலே ஏறுகின்றன, சில கீழே தொங்குகின்றன. ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. முடித்ததும் மூன்று விரல்கள் மரத்துப்போகின்றன. அறுபத்து நாலு வயதில் எழுத்து படித்தவனுக்கு இவ்வளவுதான் வரும். ஆனாலும் ஒவ்வொரு வரி முடிந்ததும் நோட்டைத் தள்ளி வைத்துப் பார்க்கிறேன். நான் எழுதியதா இது என்று சிரிப்பு வருகிறது.

"வாரத்துக்கு ஒரு நாளாவது எழுதுங்க. என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க. யாரும் திருத்த மாட்டாங்க" என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். நூலகத்தின் பின் அறையில் சாயங்கால வகுப்பு. போன ஜூனில் என் மகள்தான் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தாள். "சோப்பு ஃபேக்டரி கேட்டுல முப்பத்தோரு வருஷம் நின்னது போதும்பா. இனிமே உட்கார்ந்து படி." அடுத்த மாதமே அவள் படுத்துவிட்டாள்.

என்ன நடந்தது என்றால், வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் நான் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு இல்லை. கையெழுத்து.

மகளுக்கு ரத்தத்தில் புற்றுநோய். எழுதிவிட்டேன். ஏழு மாதமாக வாயால் சொல்லாத வார்த்தை. இப்போதைக்கு மருந்தில் அடங்கியிருக்கிறது. திரும்ப வராமல் இருக்க வேண்டுமானால் எலும்புக்குள் ரத்தம் ஊறும் ஊற்றையே மாற்ற வேண்டுமாம். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அவள் அம்மாவுக்குச் சர்க்கரை, இதயத்தில் அடைப்பு. மிச்சம் நான்தான். எனக்கும் அவளுக்கும் பாதிதான் பொருந்துகிறது. பாதி போதும் என்றார் பெரிய டாக்டரம்மா.

சம்மதப் படிவம் ஒன்பது பக்கம். நர்ஸ் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இங்க போடுங்க ஐயா" என்றார்.

"படிச்சுட்டுப் போடறேன்மா."

விரலை வைத்துப் படித்தேன். நாற்பது நிமிஷம். மாப்பிள்ளை மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆறாம் பக்கத்தில் ஒரு வரி. "செலுத்தப்படும் அணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கக்கூடும். இதனால் இறப்பும் நேரலாம்." தப்பாகப் படிக்கிறேனோ என்று மூன்று தடவை படித்தேன். சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

படிக்கத் தெரியாம இருந்திருந்தா நிம்மதியா கைநாட்டு வச்சுட்டு வந்திருப்பேன்.

"தாக்கும்னா என்னம்மா? என் ரத்தம் என் பொண்ணை அடிக்குமா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"உங்க வெள்ளை அணுக்கள்ல காவல்காரங்க இருக்காங்க. அவங்களுக்கு உங்க பொண்ணு உடம்பு புது ஊரு. யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுவாங்க. அவங்களை அமைதியா உட்கார வைக்கிறதுலதான் எல்லாம் இருக்கு. நாங்க உட்கார வைப்போம்."

என் மகளை நான் ஒரு நாள்கூடக் கை நீட்டி அடித்ததில்லை.

கையெழுத்துப் போட்டேன். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று அவளை உள்ளே சேர்த்தார்கள். அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்றைச் சாத்தினால்தான் மற்றது திறக்கும். நடுவில் கை கழுவ ஒரு தொட்டி. நடையிலிருந்து பார்க்கப் பெரிய கண்ணாடி, அந்தப் பக்கம் ஒரு போன், இந்தப் பக்கம் ஒரு போன். ஒரு கேட்டுக்காரனாகச் சொல்கிறேன், ஏற்பாடு பிரமாதம்.

"பயமா இருக்காம்மா?" என்றேன் போனில்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பதினோரு வருஷமாக அதே வேலை. "முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவங்க பக்கத்துல தினம் உட்கார்றேன். அதைவிடவாப்பா?" என்றாள். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

அவள் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "சாப்பிட்டியா?" என்றாள். இவளுக்கு உலகத்தில் இருப்பது அந்த ஒரு கேள்விதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

எனக்கு இரண்டாவது ஊசி. எலும்புக்குள் ஒரு பசை மாதிரி இருந்து அணுக்களைப் பிடித்து வைத்திருக்குமாம். இந்த ஊசி அந்தப் பிடியைத் தளர்த்தி அவற்றை ரத்தத்துக்குள் கிளப்பிவிடுமாம். இடுப்பு, முதுகு, நெஞ்செலும்பு எல்லாம் உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல வலிக்கிறது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் ஃபேக்டரி ஆட்கள் மொத்தமாகக் கேட்டுக்கு வருவார்கள், அந்த மாதிரி. நன்றாக வலிக்கட்டும். இவ்வளவு சந்தோஷமான வலி எனக்கு இதுவரை வந்ததில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

எடுத்துவிட்டார்கள்! காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை. ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போகிறது. மெஷின் சுற்றிச் சுற்றி வேண்டியதை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கை வழியாகத் திருப்பிக் கொடுக்கிறது. உதட்டில் எறும்பு ஊர்வது போல இருந்தது. சுண்ணாம்புக் கட்டி போல ஒரு மாத்திரையைக் கொடுத்து மெல்லச் சொன்னார்கள், அது நின்றது.

மெஷினைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மெஷின் அம்மா என்றே கூப்பிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. நாலரை மணி நேரம் கையை அசைக்காமல் இருக்க வேண்டும். வாயை அசைக்கலாம் அல்லவா?

"இந்தப் பையில இருக்கிறதை என் பொண்ணு நெஞ்சுக் குழாய்லதானே விடுவீங்க? அங்கேர்ந்து எலும்புக்கு யாரும்மா வழி காட்டுறது?"

"யாரும் காட்ட வேண்டாம் ஐயா. எலும்புக்குள்ளேர்ந்து வாசனை மாதிரி ஒண்ணு கசியும். அது எந்தப் பக்கம் கூடுதலா இருக்கோ அந்தப் பக்கம் போவாங்க."

"ரத்தம் அடிச்சுக்கிட்டு ஓடுமே, எப்படி நிப்பாங்க?"

"குழாய்ச் சுவரைத் தொட்டுத் தொட்டு உருண்டு போவாங்க. வேகம் குறையும். நம்ம இடம்தான்னு தெரிஞ்சதும் கெட்டியா ஒட்டிக்குவாங்க. அப்புறம் உடம்பை ஒடுக்கி, சுவர் இடுக்கு வழியா உள்ளே நுழைஞ்சிடுவாங்க. காவல் அணுக்களும் அப்படித்தான். காயம் பட்ட இடத்துல சுவர் பிடிச்சு நிறுத்தும். மத்த இடத்துல வழுக்கிவிட்டுடும். அதனாலதான் வேண்டாத இடத்துல இறங்க மாட்டாங்க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அறுபத்து நாலு வருஷம் நான் ஊருக்குள் நடமாடியது இப்படித்தானே! பஸ் பலகை படிக்கத் தெரியாது. எண்ணெய் ஆலை வாசனை வந்தால் எழுந்து நிற்பேன், தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் இறங்குவேன். இருட்டான சந்துகளில் சுவரைத் தொட்டுக்கொண்டே வீடு வந்து சேர்வேன். ஒரு நாளும் வழி தவறியதில்லை. என் உடம்புக்குள்ளும் எழுத்து தெரியாத ஆட்கள்தான், வழி தெரிந்த ஆட்கள்.

"இறங்கின உடனே அடிப்பாங்களா?" இதைத்தான் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாட்டாங்க. ரெண்டு அடையாளம் வேணும். அந்நிய முகத்தைப் பார்க்கணும், அது ஒண்ணு. 'இங்க ஆபத்து'ன்னு உள்ளேர்ந்து ஒரு குரல் வரணும், அது ரெண்டு. ரெண்டும் சேர்ந்தாத்தான் முழிச்சுக்குவாங்க."

"கார்டும் போனும்!" என்றேன். மெஷின் அம்மாவுக்குப் புரியவில்லை. சொன்னேன். எங்கள் ஃபேக்டரியில் வெளியாட்கள் வந்தால் கையில் கார்டு இருக்க வேண்டும், உள்ளேயிருந்து எனக்குப் போனும் வர வேண்டும். இரண்டும் இருந்தால்தான் கேட்டைத் திறப்பேன். கார்டின் நிறத்தையும் படத்தையும் பார்ப்பேன், எழுத்து எனக்கெதற்கு? கார்டை மட்டும் நீட்டிக்கொண்டு தினம் வருவார் ஒருவர், போன் வரவே வராது. கொஞ்ச நாளில் அவரைப் பார்த்தால் என் கை தாழ்ப்பாள் பக்கம் போவதையே நிறுத்திவிட்டது.

"அதேதான் ஐயா! குரல் வராம முகத்தை மட்டும் பார்த்துக்கிட்டே இருந்தா அந்த அணுவும் மரத்துப் போயிடும். அப்புறம் எழுப்பினாலும் எழும்பாது."

"அப்படின்னா என் பொண்ணை ஏன் அடிக்கணும்?"

அவர் மெஷினில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சொன்னார். "அவங்களுக்கு உங்க பொண்ணுல பாதி முகம் புதுசு. பழைய ஊற்றை அழிக்கக் கடுமையான மருந்து கொடுத்து உடம்பு ரணமா கிடக்கு. உள்ளே எல்லா மூலையிலும் 'ஆபத்து, ஆபத்து'ன்னு சத்தம் கேட்கும். ரெண்டும் சேர்ந்துடுது."

சாயங்காலம் நாலு மணிக்குப் பை ஏறத் தொடங்கியது. பெரிய பை என்று நினைத்திருந்தேன். உள்ளங்கை அளவு, செங்கல் நிறம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மனதுக்குள் சொன்னேன்: உள்ளே போய் உட்காருங்கடா. எவரையும் முறைக்காதீங்க. அது நம்ம வீட்டுப் பொண்ணு.

பிப்ரவரி 17, செவ்வாய்

காய்ச்சல். நூற்று மூன்று.

டாக்டரம்மா எதிர்பார்த்ததுதான் என்கிறார். கிருமி இல்லை. என் ஆட்கள் விழித்துக்கொண்டார்கள். ஒருவன் இரண்டாகி, இரண்டு நாலாகிக்கொண்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை ஒரு மருந்து கொடுப்பார்களாம், வெள்ளிக்கிழமை இன்னொரு முறை. அந்த மருந்து விழித்துப் பெருகுகிறவர்களை மட்டும் பிடிக்கும், சும்மா உட்கார்ந்திருப்பவர்களை விட்டுவிடும். ஊற்று வைக்க வந்த அணுக்களையும் ஒன்றும் செய்யாது. அதற்கு நேரக் கணக்கு இருக்கிறது. பை ஏறி மூன்று நாள் முடிவதற்குள், அதாவது வியாழன் சாயங்காலம் நாலு மணிக்குள், மருந்து உள்ளே போக வேண்டும். "அதுக்கு மேல தள்ளினா கூட்டம் கைமீறிடும்."

வியாழன் நாலு மணி. வியாழன் நாலு மணி. கையில் எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 18, புதன்

நூற்று நாலு. கண்ணைத் திறக்கவில்லை. எழுத வரவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

எழுதக் கூசுகிறது. ஆனாலும் நடந்ததை எழுதத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வார்டு வாசலில் உட்காரும் கதவுக்காரர் சாப்பிடப் போனார். அவர் ஸ்டூல் காலியாக இருந்தது. காவல் இல்லாத வாசலைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். போய் உட்கார்ந்துவிட்டேன். நல்லதுக்குத்தானே? உள்ளே ஏழு அறையிலும் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் படுத்திருக்கிறார்கள். இருமிக்கொண்டு வந்த ஒருத்தரைத் திருப்பி அனுப்பினேன். முகக்கவசம் இல்லாமல் வந்த இரண்டு பேரைக் கீழே அனுப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். என் மனைவி எதிர் பெஞ்சிலிருந்து, "கேட்டை விட்டு வந்து நாலு வருஷமாச்சு, இன்னும் தொப்பியைக் கழட்டலை பாரு" என்றாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு ஒரு ஆள் வந்தார். சாதாரணச் சட்டை. கழுத்தில் கார்டு இல்லை. கையில் நீலப் பெட்டி.

"உள்ளே குடுக்கணும்."

"கார்டு?"

"புதுசா சேர்ந்திருக்கேன். இன்னும் வரலை."

"உள்ளேர்ந்து போன் வந்துச்சா?"

"எந்தப் போனு? பெரியவரே, அவசரம்."

"அவசரம்னு சொல்லாத ஆளை நான் பார்த்ததே இல்லை தம்பி. கார்டு இல்லை, போன் இல்லை. போய் ரெண்டுல ஒண்ணாவது கொண்டு வா."

முறைத்தார். நானும் முறைத்தேன். போய்விட்டார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

ரெண்டேகாலுக்கு டாக்டரம்மா வெளியே வந்தாங்க. "மருந்து ஏன் இன்னும் வரலை? ஒரு மணிக்குப் போடணும்னு சொன்னேனே!" நர்ஸ் போன் பண்றாங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன். நர்ஸ் போனை வச்சுட்டு என்னைப் பார்த்தாங்க. "மேல வந்தாராம். வாசல்ல ஒரு பெரியவர் விடலைன்னு திரும்பிட்டாராம். கார்டு வாங்க ஆபீஸ் போனா சாப்பாட்டு நேரம், பூட்டியிருக்காம். இவர் பாட்டுக்கு அங்கேயே உட்கார்ந்திருக்காராம்."

நீலப் பெட்டி. அய்யோ, நீலப் பெட்டி.

கையைப் பார்க்கறேன், வியாழன் நாலு மணின்னு நானே எழுதினது அப்படியே இருக்கு. என் எழுத்து. நாலு மணிக்குள்ள கொடுக்கணும்னு எழுதி வச்சுக்கிட்டு, வந்த மருந்தை நானே விரட்டி அடிச்சிருக்கேன். மாப்பிள்ளை படிக்கட்டுல மூணு மூணு படியா இறங்கி ஓடினார். என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. அவ பேசியிருந்தா தேவலாம்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளையும் அந்த ஆளும் ஒன்றாக ஓடி வந்தார்கள். பெட்டி உள்ளே போனது. கண்ணாடி வழியாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். நர்ஸ் குழாயைத் திறந்தபோது மூன்று பத்து.

டாக்டரம்மா வெளியே வந்தார். "மூணு பத்து. நாலுக்கு முன்னாடி. ஒண்ணும் கெட்டுப் போகலை ஐயா, உட்காருங்க." அப்புறம், "ஆனா அந்த ஸ்டூல்ல வேண்டாம்" என்றார்.

பெட்டி கொண்டுவந்தவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னை நாலு வார்த்தை திட்டிடுப்பா" என்றேன். அவர், "எங்க அப்பா உள்ளே படுத்திருந்தா வாசல்ல உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கணும்னுதான் நானும் நினைப்பேன்" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

பிப்ரவரி 20, வெள்ளி

இரண்டாவது முறையும் மருந்து போயிற்று. காய்ச்சல் இறங்குகிறது. நூற்று ஒன்று. சாயங்காலம் நூறு. போனை எடுத்தாள். குரல் நூல் மாதிரி இருந்தது.

"எனக்கு வந்த மருந்தையே நிறுத்திட்டியாமே."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ரெண்டு நாளா உள்ளே உன் ஆளுங்க என்னைப் போட்டு என்ன பாடு படுத்தினாங்க தெரியுமா? இப்பதான் புரியுது. உன் ரத்தம்தானே. கார்டு இருக்கா, போன் வந்துச்சான்னு என் குடலையே நிறுத்திக் கேட்டிருப்பாங்க."

சிரித்தாள். சிரிக்கும்போது இருமல் வந்தது. நானும் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தேன். மூன்று நாளாக மூச்சே விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

வெள்ளை அணுக்கள் எத்தனை என்று தினம் காலையில் அறைக்கு வெளியே உள்ள பலகையில் எழுதுகிறார்கள். இன்று சுழி. பழையவர்கள் போய்விட்டார்கள், புதியவர்கள் இன்னும் கண்ணில் படவில்லை. இப்போது சுழிதான் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

கதவுக்காரர் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். "சாப்பிடப் போகணும், போகலாமா பெரியவரே? பயமா இருக்கு."

பிப்ரவரி 26, வியாழன்

சுழி.

மார்ச் 1, ஞாயிறு

சுழி. வட்டம் போட மட்டும் இப்போது கை நன்றாகப் பழகிவிட்டது.

மெஷின் அம்மாவை நடையில் பார்த்தேன். "வழி தவறியிருப்பாங்களோ?" என்றேன். "எலும்புக்குள்ள போய் இடம் பிடிச்சு, வீடு கட்டி, அப்புறம்தானே ஐயா வெளியே வந்து முகத்தைக் காட்டுவாங்க" என்றார்.

மார்ச் 5, வியாழன்

நானூறு!!

பலகையை நானே படித்தேன். யாரும் படித்துச் சொல்லவில்லை. நானூறு. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன், அவருக்கும் நானூறுதான். பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு அவர் என் தோளில் கை வைத்தது இன்றுதான். "வழி தெரிஞ்சிருக்கு மாமா உங்க ஆளுங்களுக்கு" என்றார்.

மார்ச் 7, சனி

ஆயிரத்து நூறு.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் வீட்டு முன் அறையை மூன்று முறை கழுவி, திரைச்சீலையை எல்லாம் கழற்றி, அவளுக்குக் கொடுத்திருக்கிறோம். காலை ஒன்பதுக்கு ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒன்பதுக்கு இன்னொன்று என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்துகிறேன்: இரவு ஒன்பதுக்கு. இந்த மாத்திரை என் ஆட்களைக் கிளம்பவிடாமல் பிடித்து வைக்குமாம். அட்டவணை என் கையெழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது.

அவள் சொன்னாள்: "எங்க ஸ்கூல் காருல பக்கத்து சீட்டுக்கு அடியிலயும் ஒரு பிரேக் இருக்கும்பா. ஓட்டுறவங்க தடுமாறினா நான் மிதிப்பேன். இந்த மாத்திரை அதுதான். ரெண்டாவது பிரேக்."

"எத்தனை நாள் மிதிக்கணும்?"

"அவங்களுக்கே தானா பிரேக் போட வர்ற வரைக்கும். காலை வெடுக்குன்னு எடுக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா."

மார்ச் 26, வியாழன்

காலையில் உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். சிவப்பு. உள்ளங்காலும். அரிக்குதாம். மார்பிலும் திட்டுத் திட்டாக.

படிவம், ஆறாம் பக்கம். அந்த வரி எனக்கு மனப்பாடம்.

ஆரம்பிச்சுட்டாங்களா? நான் என்னடா சொன்னேன் உங்ககிட்ட?

ஆட்டோவில் போகும்போது அவள்தான் என் கையைப் பிடித்து, "ஒண்ணுமில்லப்பா" என்றாள். நோயாளி அவள்.

டாக்டரம்மா தோலைப் பார்த்தார், வயிறு எப்படி என்று கேட்டார், ரத்தம் எடுத்தார். வயிறும் கல்லீரலும் நன்றாக இருக்கின்றன. தோலில் மட்டும் கொஞ்சம் முறைப்பு. களிம்பு கொடுத்தார், மாத்திரையை அரை பங்கு கூட்டினார். "உங்க ஆளுங்க முழுசா தூங்கிட்டா நமக்குத்தான் நஷ்டம் ஐயா. பழைய நோய் ஏதாவது மூலையில ஒளிஞ்சிருந்தா அதைத் தேடிப் பிடிக்கப் போறதும் இவங்கதான். விழிப்பும் வேணும், அடக்கமும் வேணும்."

இதை எனக்கு முப்பத்தைந்து வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நல்ல கேட்டுக்காரனாக இருந்திருப்பேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

சிவப்பு மங்கிவிட்டது. உள்ளங்கையில் தோல் உரிந்து கீழே புதுத் தோல் தெரிகிறது. அவள் அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிறந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். உடனே, "சாப்பிட்டியா?" என்றாள்.

ஜூலை 12, ஞாயிறு

நிறைய வாரம் எழுதாமல் விட்டுவிட்டேன். சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத நாட்களை எழுத எனக்கு இன்னும் தெரியவில்லை. டீச்சரம்மாவைக் கேட்க வேண்டும்.

இன்று ஒன்று இருக்கிறது. மகளுக்குப் பிறந்ததிலிருந்து பி வகை ரத்தம். எனக்கு ஓ. இப்போது சோதித்தால் அவளுக்கும் ஓ! அவள் டிரைவிங் லைசென்ஸில் பி என்று போட்டிருக்கிறது. மாற்ற விண்ணப்பம் எழுத வேண்டும். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, என்னன்னு எழுதுறது?" என்று கேட்டுக்கொண்டே பேனாவைக் கடித்தாள். "அப்பா என்று எழுது" என்றேன். எழுதினாள். அப்புறம் அடித்துவிட்டு டாக்டர் சொன்ன நீளப் பெயரை எழுதினாள்.

மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

இன்றோடு மாத்திரை நின்றது. சுவரில் இருந்த அட்டவணையைக் கழற்றினேன். ஒட்டுப் பசை போகவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

மாத்திரை நின்று மூன்று வாரம். தோல் அமைதி. வயிறு அமைதி. பழைய நோய் தேடிப் பார்த்தும் இல்லை. இரண்டாவது பிரேக்கிலிருந்து கால் எடுத்தாயிற்று, வண்டி நேராகப் போகிறது.

வியாழக்கிழமை தடுப்பூசி போடப் போனோம். குழந்தைகளுக்குப் போடுகிற இடம். சுவர் முழுக்க வாத்து, யானை. பெஞ்சு முழங்கால் உயரம். முப்பத்தாறு வயதுப் பெண் அதில் மடங்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பெண்மணியின் மடியில் இருந்த குழந்தை இவளுடைய புது முடியைப் பிடித்து இழுத்தது. அந்தப் பெண்மணி கேட்டாள், "உங்க குழந்தை எங்கே?" என் மனைவி மகளைத் தொட்டுக் காட்டினாள். "இதோ, இவதான். ஆறரை மாசம் ஆகுது."

சின்ன வயதில் போட்ட ஊசிகள் இனி கணக்கில் வராதாம். ஊசி போடுகிற நர்ஸ் சொன்னார்: "அதைப் படிச்ச அணுக்கள் இப்ப இல்லை. வந்திருக்கிறவங்களுக்கு எந்தக் கிருமியையும் அடையாளம் தெரியாது. முதல்லேர்ந்து சொல்லிக்கொடுக்கணும். வயசானவங்களோட அணுக்கள் வேற, கொஞ்சம் மெதுவாத்தான் படிப்பாங்க."

"மெதுவாத்தான் படிப்பாங்க" என்றேன் நான். "ஆனா படிச்சுடுவாங்க."

பெரியவர்களுக்குத் தனி அட்டை இல்லை. குழந்தைகள் அட்டையையே கொடுத்தார்கள். மேலே "குழந்தையின் பெயர்" என்று இருந்தது. கீழே "பெற்றோர் கையெழுத்து". மகளிடம் பேனாவை நீட்டினார் நர்ஸ்.

"அப்பா போடட்டும்" என்றாள் அவள்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு அட்டையில் அவளுக்காக நான் கட்டைவிரலை அழுத்தியது நினைவிருக்கிறது. ஊதா மை. அவள் பெயரை அப்போது வேறு யாரோ எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது நான் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக. பின்னால் நான்கு குழந்தைகள் அழுதுகொண்டு வரிசையில் நின்றன. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். கடைசி எழுத்து கட்டத்துக்குள்ளேயே நின்றது.

ஊசி போட்ட இடத்தில் லேசாக வீங்கிச் சிவந்திருக்கிறது. இந்தத் தடவை எனக்குப் பயம் வரவில்லை. படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பையைத் துழாவி, ஓட்டப் பழகுகிறவர்கள் காரில் ஒட்டுகிற பழைய சிவப்பு எல் போர்டு ஒன்றை எடுத்து இந்த நோட்டின் அட்டையில் ஒட்டிவிட்டாள். "உனக்கும் உன் ஆளுங்களுக்கும் சேர்த்து" என்றாள்.

புதன்கிழமை அவள் மறுபடி காரை எடுக்கிறாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து சீட்டில் நான் உட்கார வேண்டுமாம். காலடியில் பிரேக் இருந்தாலும் தொடக் கூடாதாம். வழியில் வரும் பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வர வேண்டும், அது மட்டும்தான் என் வேலையாம். எத்தனை பலகை படித்தேன், எத்தனையை வண்டி வேகத்தில் விட்டுவிட்டேன் என்று அடுத்த ஞாயிறு இதே மேஜையில் உட்கார்ந்து எழுதுவேன்.